ஏரி நடுவே ஓர் ஊர்

நுழையும்முன்

விடுமுறை நாளில் தீவொன்றுக்குச் சென்று வருவது பலரும் விரும்பும் இன்பச் செலவாகும். படகில் ஏறுவதும், நாற்புறமும் நீரைக் காண்பதும், மாலையில் கரை திரும்புவதும் மகிழ்ச்சி தருவனவே. ஆயின், அதே நீரைக் கடந்தே அரிசி வாங்கவும், மருத்துவரைக் காணவும் செல்வோர் அத்தீவில் வாழ்கின்றனர். காணச் செல்வோர்க்கும் வாழ்வோர்க்கும் ஒரே நீர் எவ்வாறு வேறுபடுகிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

கடல் காணாத சமுத்திரம்

ஆந்திர மாநிலத்தின் சித்தூர் மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்துள்ள ஊர் பாலசமுத்திரம். ஊரின் பெயரில் கடல் இருப்பினும் ஊரின் அருகில் கடல் இல்லை. தமிழகத்திலும் ஆந்திரத்திலும் பரந்த ஏரிகளைச் 'சமுத்திரம்' என்று அழைத்து, அப்பெயரையே ஊர்ப்பெயருடன் சேர்த்து வழங்குவது பழைய மரபு. மழையை நம்பி வாழ்ந்த மக்கள், நிரம்பிய ஏரியைக் கடலாகவே கண்டனர்.

இப்பகுதியின் மலைகளுக்கும் கடலுக்கும் தொடர்பே இல்லை என்று கூறிவிட இயலாது. சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் மலைப்பகுதியில் தோன்றும் ஆரணியாறு, பிச்சாட்டூர் நீர்த்தேக்கத்தை நிறைத்து, சுருட்டப்பள்ளி கோயிலின் அருகே ஓடி, ஊத்துக்கோட்டை, பொன்னேரி வழியாகச் சென்று பழவேற்காட்டு ஏரியை அடைகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இம்மலைகளில் பெய்யும் நீரின் ஒரு பகுதி, ஏரியில் உவர்நீருடன் கலக்கிறது. எனவே பாலசமுத்திரத்திலிருந்து புத்தூர், நாகலாபுரம், சத்தியவேடு வழியாகத் தடாவை நோக்கிச் செல்லும் பயணியர், ஏறக்குறைய அந்த ஆறு செல்லும் திசையிலேயே செல்கின்றனர்.

அவர்கள் செல்லும் வழியில் மாநில எல்லையும் மொழி எல்லையும் ஒன்றாக அமைந்திருக்கவில்லை. 1960ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் ஆந்திரத்திற்கும் அன்றைய சென்னை மாநிலத்திற்கும் இடையே எல்லை திருத்தியமைக்கப்பட்டது. திருத்தணி முதலிய பகுதிகள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களைச் சேர்ந்த ஊர்கள் சில ஆந்திரத்துடன் இணைந்தன. கோடு மாறியது, வீடுகளில் பேசப்பட்ட மொழி மாறவில்லை. இன்றும் இப்பகுதியின் சந்தைகளில் தமிழும் தெலுங்கும் ஒருங்கே ஒலிக்கின்றன.

பழவேற்காட்டு ஏரி

இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாவின் சிலிகா ஏரி முதலிடம் பெறுகிறது. அதற்கு அடுத்த இடம் பழவேற்காட்டு ஏரிக்கு உரியது. இதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும், தென்பகுதி தமிழ்நாட்டிலும் அமைந்துள்ளன. ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் இத்தகைய நீர்நிலையைத் தமிழில் காயல் என்றும் உப்பங்கழி என்றும் கூறுவர்.

ஏரி பரந்ததே அன்றி ஆழமானது அன்று. இதன் சராசரி ஆழம் ஏறத்தாழ 1 மீட்டரே ஆகும். மழைக்காலத்தில் ஆறுகளின் நன்னீர் பெருகி உவர்ப்புக் குறைகிறது. கோடையில் நீர் வற்றி உவர்ப்பு மிகுகிறது. வடபகுதியில் வறட்சிக் காலத்தில் நீர் விலகி, சேறும் உப்பும் படிந்த வெளி தோன்றும். கடலையும் ஏரியையும் இணைக்கும் முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து வழி அடைபடுவதும் உண்டு. அப்போது இறாலும் மீனும் கடலிலிருந்து உள்ளே வருவது தடைப்படும். மீனவர் வலைகள் வெறுமையாகும்.

ஏரியின் தென்கரையில் உள்ள பழவேற்காடு, ஒருகாலத்தில் சோழமண்டலக் கரையின் பெரிய துறைமுகங்களுள் ஒன்றாக விளங்கியது. டச்சுக்காரர் 1613ஆம் ஆண்டு இங்குக் கெல்டிரியா என்னும் கோட்டையை அமைத்தனர். இங்கிருந்து துணிகள் கப்பல்களில் ஏற்றப்பட்டுக் கீழ்த்திசைத் தீவுகளுக்குச் சென்றன. அக்கோட்டை இன்று சிதைந்து கிடப்பினும், கல்லில் எழுத்தும் உருவமும் செதுக்கிய டச்சுக் கல்லறைகள் பாதுகாக்கப்படுகின்றன.

ஏரியின் மூன்று தீவுகள்

ஏரியில் சிறியனவும் பெரியனவுமாகத் தீவுகள் பல உள்ளன. அவற்றுள் மூன்று, மூவகை வாழ்வைக் காட்டுகின்றன.

முதலாவது ஸ்ரீஹரிகோட்டா. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே நீண்ட மணல்தடுப்பாக இத்தீவு அமைந்துள்ளது. யானாதி என்னும் பழங்குடியினர் இங்கு வாழ்ந்துவந்தனர். 1969ஆம் ஆண்டு விண்வெளி ஏவுதளம் அமைக்க இத்தீவு தேர்ந்தெடுக்கப்பட்டது. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால், கிழக்கு நோக்கி ஏவப்படும் ஏவூர்திக்கு அச்சுழற்சியின் வேகமும் துணையாகிறது. அவ்வாறு ஏவும்போது கழன்று விழும் பகுதிகள் மக்கள் இல்லாத கடலில் விழவேண்டும். இவ்விரண்டு தேவைகளுக்கும் இத்தீவு பொருந்தியது. 1971ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள் இங்கிருந்து முதல் ஆய்வு ஏவூர்தி செலுத்தப்பட்டது. 2023ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் சந்திரயான்-3 நிலவை நோக்கிப் புறப்பட்டதும் இங்கிருந்தே. சூலூர்பேட்டையிலிருந்து ஏரியைக் குறுக்காகக் கடக்கும் சாலை இத்தீவைப் பெருநிலத்துடன் இணைக்கிறது. முன்பதிவு செய்தோர் ஏவுதலைக் காண்பதற்கென 2019ஆம் ஆண்டு பார்வையாளர் மாடம் திறக்கப்பட்டது.

இரண்டாவது வேநாடு. இங்குள்ள தர்காவிற்குப் பல ஊர்களிலிருந்தும் மக்கள் வழிபட வருகின்றனர்.

மூன்றாவது இரக்கம். திருப்பதி மாவட்டத்தின் தடா மண்டலத்தைச் சேர்ந்த இத்தீவில் மீன்பிடித்தல் முதன்மைத் தொழில். தமிழ் பேசும் குடும்பங்கள் இங்கு வாழ்கின்றன. ஒரு தீவுக்கு நாட்டின் பெரும் ஏவூர்திகளைச் சுமந்து செல்லும் சாலை உண்டு. அதே ஏரியின் மற்றொரு தீவினர் படகுத்துறையில் காத்திருக்கின்றனர்.

பூநாரைகளின் விருந்து

பயணியர் பலர் இந்த ஏரிக்கு வருவது பறவைகளைக் காண்பதற்கே. அக்டோபர் முதல் மார்ச் வரையிலான மாதங்களில் பூநாரைகள் பெருங்கூட்டமாக இங்குத் தங்குகின்றன. பூநாரை தன் வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் ஆழ்த்தி, சேற்றையும் நீரையும் வடித்து, நுண்ணிய பாசியையும் சிற்றுயிர்களையும் உண்ணும். அவ்வுணவில் உள்ள நிறமிகளே அதன் இறகுக்கு இளஞ்சிவப்பு நிறத்தைத் தருகின்றன. ஆழமற்ற நீரில் நின்று உண்ணும் பறவை ஆதலால், இந்த ஏரியின் ஆழமின்மையே அதற்கு விருந்தாகிறது.

ஏரிக்கு வடக்கே உள்ள நேலபட்டு சரணாலயத்தில் கூழைக்கடாக்கள் நீரில் நிற்கும் மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. அவை இரை தேடும் இடங்களுள் பழவேற்காட்டு ஏரியும் ஒன்று. சூலூர்பேட்டையில் குளிர்காலத்தில் ஆந்திர அரசு பூநாரை விழா நடத்துவதுண்டு. படகு மிக அருகில் சென்றாலும், கூச்சலிட்டாலும் பறவைகள் உண்பதை விட்டுப் பறந்துவிடும். பார்ப்போர்க்கு அஃது அழகிய காட்சி. பறவைக்கோ இழந்த உணவு.

ஒருநாள் பயணமும் ஒவ்வொரு நாள் பயணமும்

தடாவை அடுத்த பீமுனிவாரிபாலெம் படகுத்துறை, விடுமுறை நாள்களில் ஏரியைக் காண வருவோர் கூடும் இடமாகும். பயணிக்குப் படகுச் செலவு அன்றைய மகிழ்ச்சிக்கு உரிய கட்டணம். வானம் இருண்டால் அவர் பயணத்தை வேறொரு நாளுக்குத் தள்ளிவைக்கலாம். காற்று மிகுந்தால் கரையிலேயே உணவுண்டு வீடு திரும்பலாம். அவருக்கு நேரும் இழப்பு ஒரு விடுமுறை நாள் மட்டுமே.

இரக்கம் தீவினர்க்கு அவ்வுரிமை இல்லை. அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், செங்கல், மாத்திரை ஆகிய யாவும் நீரைக் கடந்தே தீவை அடையவேண்டும். பிடித்த மீனும் இறாலும் கெடும்முன் கரையை அடையவேண்டும். மேற்படிப்புக்குச் செல்லும் மாணவர் படகின் நேரத்திற்கு ஏற்பத் தம் நாளை அமைத்துக்கொள்ளவேண்டும். புயல் எச்சரிக்கை நாள்களில் படகு செலுத்துவது பேரிடர். கோடையில் நீர் குறைந்தால் படகு சேற்றில் தட்டும். நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சுவலி நேர்ந்தாலோ, ஒரு தாய்க்குப் பேறுகாலம் நெருங்கினாலோ, மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் இடையே உள்ள தொலைவு கிலோமீட்டரால் அளக்கப்படுவதில்லை. படகும் படகோட்டியும் காற்றும் நீரும் அமையும் நேரத்தால் அளக்கப்படுகிறது. பாலம் ஒன்று வேண்டும் என்பது அம்மக்களின் நெடுநாள் கோரிக்கை.

எனினும் நீர் அவர்களுக்குத் துன்பம் மட்டுமே தருவது அன்று. அதுவே அவர்களின் வயல். பழவேற்காட்டு மீனவர் சிலரிடையே 'பாடு' என்னும் முறை வழங்கிவருகிறது. ஏரியின் மீன்பிடிக்கும் இடங்களை வகுத்து, எந்தக் குழுவினர் எந்த இடத்தில் எப்போது வலையிடுவது என்பதைக் குலுக்கல் மூலம் முறைவைத்துப் பகிர்ந்துகொள்வதே அம்முறை. வலியவர் நல்ல இடத்தைக் கைப்பற்றாமலும், எளியவர் வெறும் வலையுடன் திரும்பாமலும் காக்கும் ஏற்பாடு இது. பயணியின் கண்ணுக்கு ஏரி வேலியில்லாத வெளியாகத் தோன்றும். அங்கு வாழ்வோரோ, நீரின்மேல் வரையப்படாத எல்லைகளை நினைவில் கொண்டே வலை வீசுகின்றனர்.

மறக்கலாகாத ஒரு நாள்

2011ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள், பழவேற்காட்டில் கிறிஸ்துமஸ் விடுமுறையைக் கழிக்க வந்தோர் சென்ற படகு முகத்துவாரத்திற்கு அருகே கவிழ்ந்தது. குழந்தைகள் உட்பட 22 பேர் உயிரிழந்தனர். அதன்பின் தமிழ்நாட்டுப் பகுதியில் மீன்பிடிப் படகுகளில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச்செல்ல மாவட்ட நிருவாகம் தடை விதித்தது.

ஆழம் குறைந்த ஏரி என்பதால் இடர் இல்லை என எண்ணுதல் பிழை. முகத்துவாரத்தில் ஏரிநீரும் கடலலையும் மோதும். நீரோட்டத்தின் வேகம் திடீரென மாறும். மீன்பிடிப் படகு வலையையும் மீனவரையும் சுமப்பதற்கு அமைந்தது. நீந்தத் தெரியாதோர் பலரைச் சுமப்பதற்கு அன்று. அளவுக்கு மிஞ்சி ஆள் ஏறிய படகில் ஒருவர் ஒருபுறம் சாய்ந்தாலும் சமநிலை குலையும். ஆகவே அனுமதி பெற்ற படகில் மட்டும் ஏறுதல், உயிர்காப்பு மேலாடையைக் கரையிலேயே அணிதல், நடுநீரில் எழுந்து நில்லாமை, படகோட்டி 'இன்று வேண்டாம்' என்றால் வற்புறுத்தாமை ஆகியவை எந்தத் தீவுப் பயணத்திற்கும் பொதுவான விதிகளாகும்.

தொலைவில் உள்ள தீவுகள்

தீவினரின் இந்நிலை ஓர் ஏரிக்கு மட்டும் உரியது அன்று. ஸ்காட்லாந்து நாட்டில் 700க்கும் மேற்பட்ட தீவுகள் உள்ளன. அவற்றுள் 100க்கும் குறைவானவற்றிலேயே மக்கள் வாழ்கின்றனர். கோடை விடுமுறையில் அத்தீவுகளுக்குப் பயணியர் கப்பல்களிலும் படகுகளிலும் திரண்டு செல்கின்றனர். அயோனா என்னும் சிறு தீவில், 563ஆம் ஆண்டு கொலும்பா என்னும் துறவி மடம் நிறுவினார். அம்மடத்தைக் காண நாள்தோறும் பலர் வருகின்றனர். ஆயினும் பயணிகள் தம் மகிழுந்தை உரிய அனுமதியின்றித் தீவில் இறக்க இயலாது. நடந்தே ஊரைக் காணவேண்டும். ஊரின் அமைதி அதனால் காக்கப்படுகிறது.

அதே நாட்டின் மேற்கே, அட்லாண்டிக் பெருங்கடலில் தனித்து நிற்பது செயின்ட் கில்டா. அங்கு மக்கள் பல நூற்றாண்டுகளாகக் கடற்பறவைகளைப் பிடித்தும் ஆடு வளர்த்தும் வாழ்ந்தனர். குளிர்கால அலைகள் எழுந்தால் மாதக்கணக்கில் எந்தக் கப்பலும் நெருங்க இயலாது. நோயுற்றோர்க்கு மருத்துவம் எட்டவில்லை. இளையோர் ஒருவர்பின் ஒருவராகப் பெருநிலத்திற்குச் சென்றனர். எஞ்சிய 36 பேரும், தங்கள் வேண்டுகோளின்படியே 1930ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் நாள் தீவைவிட்டு வெளியேற்றப்பட்டனர். இன்று அது யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னம். கூரையிழந்த கல்வீடுகளைக் காணக் கோடைதோறும் பயணியர் படகில் வருகின்றனர். காண்போர் உளர், வாழ்வோர் இலர்.

தமிழ்நாட்டின் இராமேசுவரம் தீவு இதற்கு மறுபுறத்தைக் காட்டுகிறது. 1914ஆம் ஆண்டு பாம்பன் தொடர்வண்டிப் பாலமும், 1988ஆம் ஆண்டு சாலைப் பாலமும் திறக்கப்பட்டன. அதன்பின் தீவினர் எந்த நேரத்திலும் பெருநிலத்தை அடையும் நிலை உருவாயிற்று. வழி இருந்தால் தீவினர் தம் ஊரிலேயே வாழ இயலும். வழி இல்லையேல் ஊர் மெல்ல வெறுமையாகும்.

விருந்தினரின் கடமை

தீவுக்குச் செல்வோர் அங்குள்ளோர்க்கு விருந்தினரே ஆவர். கொண்டுசென்ற ஞெகிழிப் பையையும் புட்டியையும் கரைக்கே திரும்பக் கொண்டுவருதல் அவர் கடமை. தீவில் குப்பையை அகற்ற வண்டி வருவதில்லை. எறிந்தது ஏரியிலேயே சேரும். உலரும் வலையை மிதியாமலும், ஊராரைக் கேளாமல் படம் எடுக்காமலும் இருத்தல் நன்று. படகில் இடம் குறைவாக இருந்தால், மருந்துக்கும் பள்ளிக்கும் செல்லும் ஊரார்க்கு முதலிடம் தருதல் அதனினும் நன்று. அவர்கள் பேசும் தமிழைக் கேட்டு, இரு சொல் தமிழில் உரையாடினால் பயணம் உறவாகவும் மலரும்.

மாலையில் பயணியர் கரையேறிப் பேருந்தைப் பிடிக்கின்றனர். அந்நேரத்தில் சந்தைக்கு வந்த தீவினர் அரிசி மூட்டையுடன் எதிர்ப்படகில் ஏறுகின்றனர். இருவரும் வீட்டுக்கே செல்கின்றனர். அவருள் ஒருவருடைய வீட்டுக்கு வழி, காற்றையும் நீரையும் பொறுத்தது. இதனை உணர்ந்து திரும்பும் பயணியே தீவை உண்மையாகக் கண்டவர்.

தெரிந்து தெளிவோம்

நீர் சூழ்ந்த நிலத்தைக் குறிக்கத் தமிழில் பல சொற்கள் உள்ளன. கடலிலோ ஏரியிலோ உள்ளது தீவு. நீர் நடுவே மேடாக உயர்ந்த சிறுநிலம் திட்டு. ஆற்றின் நடுவே அமைந்த நிலம் ஆற்றிடைக்குறை. அதனை அரங்கம் என்றும் துருத்தி என்றும் வழங்குவர். திருவரங்கமும் திருப்பூந்துருத்தியும் இவ்வாறு பெயர் பெற்றவை. தெலுங்கில் தீவை 'தீவி' என்பர். மேட்டைத் 'திப்ப' என்பர். ஸ்ரீஹரிகோட்டா செல்லும் சாலையில் உள்ள அட்டகானித்திப்ப என்னும் ஊர்ப்பெயரில் அச்சொல்லைக் காணலாம்.

சொல்லும் பொருளும்

இன்பச் செலவு – மகிழ்ச்சிக்காகச் செல்லும் பயணம்
உவர்நீர் – உப்புச்சுவை உடைய நீர்
முகத்துவாரம் – ஆறோ ஏரியோ கடலுடன் கலக்கும் வாயில்
பெருநிலம் – தீவுக்கு அப்பால் உள்ள பரந்த நிலப்பகுதி
பேறுகாலம் – குழந்தை பிறக்கும் காலம்
ஞெகிழி – பிளாஸ்டிக்

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. பழவேற்காட்டில் டச்சுக்காரர் கோட்டை அமைத்த ஆண்டு ________.
2. இரக்கம் தீவு ________ மாவட்டத்தைச் சேர்ந்தது.
3. ஏரியின் மீன்பிடி இடங்களைப் பகிர்ந்துகொள்ளும் முறையின் பெயர் ________.

ஆ. பிரித்து எழுதுக.
1. பூநாரை  2. உவர்நீர்  3. படகுத்துறை  4. ஊர்ப்பெயர்

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. பூநாரைக்கு இளஞ்சிவப்பு நிறம் எதனால் அமைகிறது?
2. ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்திற்கு ஏற்ற இடமாக அமைந்தது ஏன்?
3. முகத்துவாரம் அடைபட்டால் மீனவர்க்கு நேரும் இழப்பு யாது?

ஈ. விரிவாக விடை எழுதுக.
1. பயணிக்கும் தீவினர்க்கும் ஒரே நீர் எவ்வாறு வேறுபடுகிறது என்பதை விளக்குக.
2. செயின்ட் கில்டா, இராமேசுவரம் ஆகிய தீவுகளின் நிலையை ஒப்பிட்டு, இரக்கம் தீவினரின் கோரிக்கை குறித்து உன் கருத்தை எழுதுக.

உ. மொழித்திறன்
'செலவு' என்னும் சொல் 'செல்' என்பதன் அடியாகப் பிறந்து, பயணத்தையும் பணம் செலவாதலையும் குறிக்கும். இவ்விரு பொருளும் தோன்றத் தனித்தனியே இரு தொடர்கள் அமைக்க.

ஊ. செயல்பாடு
உன் தாத்தா, பாட்டி அல்லது பெற்றோர் பிறந்த ஊரில் இருந்த ஆறு, ஏரி அல்லது குளத்தின் பெயரைக் கேட்டறிக. அவர்கள் பள்ளிக்கோ சந்தைக்கோ செல்ல எந்த நீரையேனும் கடந்தனரா, எவ்வாறு கடந்தனர் என்பதை வினவி, அவர்கள் கூறிய சொற்களிலேயே பத்து வரிகள் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.